வாசகர் கேள்வி: மீத்திறன் வகுப்புத் தேர்வுக்கு மகளை எவ்வளவு தூரம் தயார்ப்படுத்தலாம்?

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு வாசகியிடமிருந்து வந்த நீண்ட கடிதத்தை, ஆளும் ஊரும் தெரியாதபடி சுருக்கி முதலில் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற கல்வியாண்டின் இறுதியில், இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, அவர்களுடைய பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) எல்லாக் குழந்தைகளுக்கும் கோகாட் என்னும் அறிதிறன் தேர்வை நடத்தியது. மகளுக்குச் சொல்சார்ந்த பகுதியில் 79, எண்சார்ந்த பகுதியில் 97, உருவம்சார்ந்த பகுதியில் 82, மூன்றும் சேர்ந்த மொத்தத்தில் 91 பெர்சன்டைல் என்று அறிக்கை வந்தது. அதிகத் திறன் உள்ள குழந்தைகளுக்கென்று மாவட்டம் நடத்தும் மீத்திறன் வகுப்பில் சேர மொத்தத்தில் 97 வேண்டும். பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மூன்றாம் வகுப்பில் மறுதேர்வு எழுதலாம்; அது குளிர்கால விடுமுறை முடிந்ததும் நடக்கும். வகுப்பாசிரியையோ, அமைதியான பெண், கொடுத்த வேலையை முடித்துவிடுகிறாள், தனித்து எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"ஆறு மார்க்தானே குறைகிறது" என்பது கணவரின் வாதம். மகளை வாரத்துக்கு நான்கு நாள் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டார். அதே வகுப்பில் படித்த நண்பரின் மகன் சென்ற முறையே தேர்வாகிவிட்டான். சொல்சார்ந்த மதிப்பெண் குறைந்ததற்கு வீட்டில் தமிழ் பேசுவதே காரணம் என்று முடிவுகட்டி, இனி ஆங்கிலம் மட்டும்தான் என்கிறார். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியதே பிழை என்று வருந்துகிறார். இதற்கிடையே வாட்ஸ்அப் குழு ஒன்றிலிருந்து, ஒரிஜினல் கேள்விகள் என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் வந்திருக்கிறது. அதில் சில பக்கங்களை மகளோடு உட்கார்ந்து போட்டும் பார்த்துவிட்டார். வாசகிக்கு எந்தப் பயிற்சியும் பிடிக்கவில்லை. திறமை இருந்தால் தானாக வரட்டும், இல்லையென்றால் வேண்டாம் என்பது அவருடைய கட்சி. ஞாயிறு மாலை பயிற்சி வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் மகளுக்கு வயிறு வலிக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு அவள், "அம்மா, நான் அவனைவிட மக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வெளியே ஓர் உளவியலாளரிடம் ஐ.க்யூ. தேர்வு செய்து அந்த அறிக்கையைப் பள்ளியில் கொடுக்கலாமா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்ற கேள்வியோடு கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்களும் உங்கள் கணவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீர்ப்பு சாதகமாக வர வேண்டும் என்று அவர் பாடுபடுகிறார். எந்தத் தீர்ப்பு வந்தாலும் ஏற்போம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். மகளின் திறமைக்கு வழங்கப்படும் தீர்ப்புதான் அந்தத் தேர்வு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பள்ளி கேட்கும் கேள்வி அதைவிடச் சிறியது. இப்போது இருக்கும் வகுப்பில் நடத்தப்படும் பாடம் இந்தக் குழந்தைக்குப் போதுமா, அல்லது இவளுக்கு வேறு வேகமும் வேறு ஆழமும் தேவைப்படுகிறதா என்பதே அது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், நீங்கள் எழுதியிருக்கும் சிக்கல்களில் பாதி தானாக இடம் மாறிவிடும்.

உங்கள் கணவரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. அவர் நுழைவுத் தேர்வு எழுதி முன்னேறியவர் என்றும், அந்த ஒரு தேர்வுதான் தம் குடும்பத்தின் நிலையை மாற்றியது என்று அடிக்கடி சொல்வார் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அனுபவத்தை லேசாக எண்ணிவிடாதீர்கள். பாடத்திட்டம் உள்ள ஒரு தேர்வுக்கு இரவு பகலாக உழைப்பது நேர்மையான செயல். அங்கே அளக்கப்படுவதே அந்த உழைப்பின் பலன்தான். கோகாட்டுக்குப் பாடத்திட்டம் கிடையாது. முன்பின் பார்த்திராத ஒரு புதிர் எதிரே வரும்போது குழந்தை அதில் உள்ள ஒழுங்கை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்பதை அளக்கவே அது உருவாக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான புதிர்களை முன்கூட்டியே பழக்கிவிட்டால், முன்பின் பார்த்திராதது என்பதே இல்லாமல் போய்விடுகிறது. தையற்காரர் அளவெடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டால் அளவு குறையும். சட்டையும் அந்த அளவுக்கே தைக்கப்பட்டு வரும். வாரத்துக்கு நான்கு நாள் பயிற்சி பெற்று வாங்கிய 97க்கும் அப்படி ஒரு சட்டை தைக்கப்படும் என்பதை அவரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னதாகவும் சொல்லலாம்.

91 என்ற எண் சொல்வதும் சொல்லாததும்

91 பெர்சன்டைல் என்றால் நூறு கேள்விகளில் ஒன்பது தவறு என்று பொருளில்லை. தேர்வைத் தரப்படுத்தியபோது அதை எழுதிய அதே வயதுக் குழந்தைகளில், நூற்றுக்கு ஏறக்குறைய 91 பேரைவிட உங்கள் மகளின் மதிப்பெண் மேலே இருக்கிறது என்று பொருள். அதனால் ஆறு மார்க் என்ற கணக்கும் சரியில்லை. கோகாட்டின் வயதுக்கேற்ற மதிப்பெண்ணுக்குச் சராசரி 100, திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக விலகி நிற்கும் அளவு, 16. அந்த அளவுகோலில் 50இலிருந்து 56 பெர்சன்டைலுக்குப் போக இரண்டு மூன்று புள்ளிகள் போதும். 91இலிருந்து 97க்குப் போக எட்டு ஒன்பது புள்ளிகள் வேண்டும். மேலே போகப்போகப் படிகளின் உயரம் கூடும். வயதோடு ஒப்பிடும் மதிப்பெண் என்பதால், ஓராண்டு வளர்ந்துவிட்டாள் என்பதற்காக அது தானாகவும் ஏறாது. அவளோடு ஒப்பிடப்படும் குழந்தைகளும் ஓராண்டு வளர்ந்தவர்களே.

அதே சமயம், எந்தத் தேர்வு மதிப்பெண்ணும் ஆணி அடித்ததுபோல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அன்றைய தூக்கம், காய்ச்சல், பக்கத்தில் இருந்த குழந்தை, ஆசிரியை விளக்கம் சொன்ன விதம் என்று பல காரணங்களால் சில புள்ளிகள் ஏறும், இறங்கும்; சிறு வயதில் இந்த அலைவு இன்னும் அதிகம். ஆகவே மறுதேர்வைக் கேட்பதில் தவறேதும் இல்லை. எழுத்து மூலம் கேளுங்கள். எந்தப் பயிற்சியும் இல்லாமல் விட்டுவிட வேண்டும் என்ற உங்கள் நிலைப்பாட்டைப் போலவே, மறுதேர்வு கேட்பதே பேராசை என்ற உங்கள் தயக்கத்தையும் நான் ஏற்கவில்லை.

ஆனால் என் கண் போய் நின்ற இடம் 91 அல்ல. எண்சார்ந்த பகுதியில் 97, மற்ற இரண்டிலும் எண்பதை ஒட்டி. அறிக்கை காட்டும் முக்கியச் செய்தி இதுதான். உங்கள் கையில் இருக்கும் தாளில் ஓர் எண்ணும் அதை அடுத்து ஓர் எழுத்தும், பக்கத்தில் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ கொண்ட ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். குழந்தையின் பலமும் பலவீனமும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை அது ஒரே வரியில் சொல்லிவிடும். பெரும்பாலான பெற்றோர் மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் குறியீடு கணக்கில் தனி பலம் என்று காட்டுமானால் எனக்கு வியப்பிருக்காது. கணக்குப் பாடத்தில் அவளுக்கு இப்போது என்ன கிடைக்கிறது என்பதுதான் பள்ளியில் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

ஆசிரியையின் கண்ணில் எதுவும் படவில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்மீது குற்றமும் இல்லை. புளோரிடாவில் ஒரு பெரிய பள்ளி மாவட்டம், ஆசிரியரும் பெற்றோரும் பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் சோதிக்கும் வழக்கத்தை விட்டு, 2005இல் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் முதற்கட்டத் தேர்வு வைத்தது. அதற்கு முன்பு யாருடைய பார்வையிலும் படாத ஏழைக் குழந்தைகளும் சிறுபான்மை இனக் குழந்தைகளும் கணிசமாக மீத்திறன் வகுப்புக்குத் தகுதி பெற்றார்கள் என்று, 2016இல் அந்த மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர்கள் காட்டினார்கள். கையை உயர்த்திப் பேசாத, கொடுத்த வேலையைச் சத்தமில்லாமல் முடித்துவிடும் பெண் குழந்தைகள் இப்படித் தவறிப்போவது எனக்கும் பழக்கமான காட்சி. உங்கள் மாவட்டம் எல்லாரையும் சோதித்தது நல்லது.

பயிற்சி எதுவரை நியாயம்

தேர்வின் அமைப்பு குழந்தைக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்பதில் தேர்வை வெளியிடும் நிறுவனத்துக்கே மறுப்பில்லை. தேர்வுக்கு முன்பு வகுப்பில் செய்து பார்ப்பதற்கென்றே அவர்கள் மாதிரிப் பயிற்சிகளை வெளியிடுகிறார்கள். கேள்வி எப்படி இருக்கும், விடையை எங்கே குறிக்க வேண்டும், தெரியாத கேள்வியில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று அறிமுகம் செய்வது குழந்தைக்குச் செய்யும் நியாயம். உங்கள் மகளுக்கு இதில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. இரண்டாம் வகுப்புத் தேர்வின் சொல்சார்ந்த பகுதி படங்களாலும், காதில் விழும் வாக்கியங்களாலும் ஆனது. மூன்றாம் வகுப்பு நிலையில் அது சொற்களாக மாறிவிடும். அவளே படித்து விடை காண வேண்டும். சென்ற ஆண்டு எழுதியதுதானே என்று நினைத்துப் போய் உட்காரும் குழந்தை அங்கே திகைத்துவிடலாம். எனவே பள்ளி தரும் மாதிரிகளைக் கேட்டு வாங்கி, தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்கு மிகாமல், விளையாட்டாகச் செய்து பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அதற்கு மேல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் நகரத்தைப் பார்க்கலாம். அங்கே 2008இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு நகரம் முழுவதும் ஒரே தேர்வு, ஒரே தகுதிக் கோடு என்று கொண்டுவந்தார்கள். பயிற்சி மையங்கள் பெருகின. தகுதி பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை இடங்களை மிஞ்சியது. பயிற்சிக்கு எளிதில் வளையாத தேர்வு வேண்டுமென்று சில ஆண்டுகளில் தேர்வின் ஒரு பகுதியை மாற்றினார்கள்; பயிற்சி மையங்களும் பாடத்தை மாற்றிக்கொண்டன. கடைசியில் 2021இல் அந்தத் தேர்வையே கைவிட்டு, ஆசிரியர் பரிந்துரைக்கும் குலுக்கலுக்கும் போய்விட்டார்கள். எல்லாரும் தயார் செய்யும்போது நாம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது என்று உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஒப்பீட்டுக்காக முதன்முதலில் தேர்வெழுதிய குழந்தைகள் பயிற்சி பெறாதவர்கள் என்பதால், பயிற்சி பெற்றவர்களுக்கு அது எண்ணிக்கையில் ஆதாயம் தரவும் கூடும். அதை நான் மறைக்கவில்லை. அந்த ஆதாயத்துக்கு உங்கள் மகள் கொடுக்கும் விலை என்ன என்பதையே நான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வயிற்று வலி அந்த விலையின் முதல் தவணை. குழந்தை நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உடலில் குறையில்லை என்று அவர் சொன்னால், பயிற்சி வகுப்பை நிறுத்துவதே மருந்து. கட்டிய பணத்தைப் பற்றிய வருத்தத்தைப் பெரியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பிடிஎஃப்

கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் கடந்துபோன இந்த விஷயம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. அது போலியாக இருந்தால் நேரம் வீண், அவ்வளவே. உண்மையாக இருந்தால், வெளியே வரக்கூடாத, பதிப்புரிமை உள்ள ஒரு தேர்வுத் தாள் அது. அதை வைத்துப் பயின்ற குழந்தையின் மதிப்பெண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. விஷயம் தெரியவந்தால் பள்ளி அந்த மதிப்பெண்ணை ரத்து செய்யலாம். அப்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எட்டு வயதுக் குழந்தை நிற்பாள். கைபேசியிலிருந்து அதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், குழுவில், இதை நாங்கள் பயன்படுத்தவில்லை என்று ஒரு வரி எழுதும் துணிவு இருந்தால் எழுதுங்கள். உங்களைப் போலவே தயங்கிக்கொண்டிருக்கும் வேறு பெற்றோரும் அதில் இருப்பார்கள்.

சில பக்கங்களை மகள் ஏற்கெனவே பார்த்துவிட்டாளே என்பது அடுத்த சிக்கல். இதில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை: பள்ளியின் தேர்வு ஒருங்கிணைப்பாளரிடமோ பள்ளி உளவியலாளரிடமோ சொல்லிவிடுங்கள். "தேர்வுக் கேள்விகள் என்று சொல்லப்பட்ட ஒரு தாளை எங்கள் மகள் பார்த்திருக்கிறாள், அது உண்மையானதா என்று எங்களுக்குத் தெரியாது, அவளுக்கு வேறு வடிவத் தாளையோ வேறு தேர்வையோ தர முடியுமா?" என்று கேட்டால் போதும். கோகாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உண்டு. முன்வந்து சொல்லும் பெற்றோரைப் பள்ளிகள் பெரும்பாலும் மரியாதையோடுதான் நடத்துகின்றன. இந்த முறை தேர்வு தள்ளிப்போகலாம், அல்லது வாய்ப்பே நழுவலாம். அந்த ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் இருக்கும் ஆபத்து வேறு வகையானது. அந்தத் தாளைப் பற்றி வெளியே பேசாதே என்று மகளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் அந்தச் சுமையை முதலில் இறக்கிவையுங்கள். அப்பாவும் அம்மாவும் செய்த ஒரு காரியத்தை மறைத்துவைக்கும் வேலையை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது.

வீட்டில் தமிழை நிறுத்த வேண்டாம்

இரண்டு மொழிகளில் வளரும் குழந்தையை ஒரு மொழியில் மட்டும் சோதித்தால், அந்த மொழியில் அவளுடைய சொற்களின் எண்ணிக்கை ஒருமொழிக் குழந்தையைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியலாம். இரண்டு மொழிகளையும் சேர்த்து எண்ணினால் அவள் பின்தங்கியிருப்பதில்லை. சொல்சார்ந்த பகுதி கேட்பது வெறும் சொல்லறிவை அல்ல. சொற்களுக்கிடையே உள்ள உறவை. அந்தப் பயிற்சி எந்த மொழியிலும் நடக்கும். பறவைக்குச் சிறகு என்றால் மீனுக்கு எது, குயவருக்கு மண் என்றால் தச்சருக்கு எது என்று சமையலறையில் நின்றபடி கேட்டு விளையாடுவது தமிழிலேயே நடக்கட்டும். ஆங்கிலத்துக்கு நூலகமும் நிறைய வாசிப்பும் போதும். பெற்றோர் தமக்குச் சரளமாக வரும் மொழியை விட்டுவிட்டு, அளந்து அளந்து ஆங்கிலம் பேச ஆரம்பித்தால் வீட்டில் பேச்சே குறைந்துவிடும். இழப்பு அங்கேதான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியது தவறில்லை, அது உண்மை. குழந்தைக்கு ஆங்கிலத்தில் கூடுதல் உதவி தேவையா என்று அறிவதற்காகக் கேட்கப்படும் கேள்வி அது. மீத்திறன் வகுப்பின் கதவை அது மூடுவதில்லை. மாறாக, சொல்சார்ந்த மதிப்பெண்ணை எடைபோடும்போது வீட்டு மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் மாவட்டங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டம் அப்படிச் செய்கிறதா என்று கேளுங்கள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை, உங்கள் உரிமைகள்

நான் உளவியலாளர்; வழக்கறிஞர் அல்லேன். பொதுவான நிலையைச் சொல்கிறேன். மீத்திறன் குழந்தைகளுக்குத் தனி வகுப்பு நடத்தியே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. 1988இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆய்வுக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் நிதி தருவதோடு நிற்கிறது. மற்றவை மாநிலத்தின் கையிலும் மாவட்டத்தின் கையிலும் உள்ளன. பென்சில்வேனியா போன்ற மாநிலத்தில் தகுதி பெற்ற குழந்தைக்குத் தனிக் கல்வித் திட்டமும், முடிவை எதிர்க்கும் முறையான வழியும் உண்டு. வேறு சில மாநிலங்களில் எல்லாமே மாவட்டத்தின் விருப்பம். எனவே வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினர் சொல்லும் விதிகளை உங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். ஃபெர்பா எனப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் கூட்டாட்சி நிதி பெறும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. அதன்படி மகளின் பள்ளிப் பதிவேடுகளைப் பார்க்க நீங்கள் எழுதிக் கேட்டால், 45 நாட்களுக்குள் அவர்கள் காட்ட வேண்டும். முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். அதில் வயது பெர்சன்டைல், வகுப்பு பெர்சன்டைல் என இரண்டு இருக்கும். தகுதிக்கு எதைப் பார்க்கிறார்கள் என்றும், நாடு தழுவிய ஒப்பீடா, உள்ளூர் ஒப்பீடா என்றும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, அந்த வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். முழுநேரத் தனி வகுப்பா, அல்லது வாரத்தில் ஒரு நாள் மட்டும் அழைத்துப் போய்ச் செயல்திட்டம் செய்யவைப்பதா? இரண்டாவது வகை பரவலாக இருக்கிறது. அதில் கணக்கே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால், கணக்கில் வேகமாக இருக்கும் உங்கள் மகளுக்குத் தேவையானது, இத்தனை போராட்டத்துக்குப் பின்னும் அங்கே கிடைக்காது. அமெரிக்க ஆரம்பப் பள்ளிகளின் நாடு தழுவிய தரவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று, மீத்திறன் திட்டங்களில் சேர்வதோடு தொடர்புடைய கல்வி முன்னேற்றம் சராசரியாகச் சிறியதே என்று கண்டது. நல்ல திட்டங்களும் இருக்கின்றன. பெயர் மட்டும் உத்தரவாதம் தராது என்பதே அதன் பொருள். ஆரம்பப் பள்ளியில் இந்த வகுப்பில் இடம் கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரி கைநழுவிவிடும் என்ற உங்கள் கணவரின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் ஒரு விவரம் கேட்டுவையுங்கள்: நடுநிலைப் பள்ளியில் உயர்நிலைக் கணக்கு வகுப்புக்கு எப்படித் தேர்வு செய்கிறார்கள், அதற்கு இந்த வகுப்பு கட்டாயமா? பெரும்பாலான இடங்களில் அது தனி வழி.

என் பரிந்துரை, மறுதேர்வு முடிவுக்குக் காத்திருக்காமல் கணக்குக்கு மட்டும் ஏற்பாடு கேட்பது. கணக்கு நேரத்தில் மட்டும் நான்காம் வகுப்பில் போய் உட்காரலாம். அல்லது தெரிந்த பகுதிகளை முன்தேர்வு வைத்துக் கழித்துவிட்டு, மிஞ்சும் நேரத்தில் கடினமான பாடத்தைத் தரலாம். ஒரு பாடத்தில் மட்டும் இப்படி மேல் நிலைக்குக் கொண்டுபோவதால் குழந்தைகளுக்குக் கேடு வரும் என்ற பயம் ஆசிரியர்களிடம் இன்னும் இருக்கிறது. ஐயோவா பல்கலைக்கழகத்தின் பெலின் பிளாங்க் மையம் 2004இலும் 2015இலும் வெளியிட்ட அறிக்கைகள், பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, கவனமாகத் தேர்ந்து செய்யும்போது அது குழந்தைகளுக்கு நன்மையே தருகிறது என்று காட்டின. 97 என்ற எண்சார்ந்த மதிப்பெண்ணையும், வகுப்புக் கணக்குத் தேர்வுகளையும், வீட்டில் அவள் தானாகப் போட்டுப் பார்த்த கணக்குகள் இருந்தால் அவற்றையும் கையில் எடுத்துக்கொண்டு ஆசிரியையைச் சந்தியுங்கள். மீத்திறன் என்ற சொல்லைக்கூட எடுக்கத் தேவையில்லை.

வெளியே ஐ.க்யூ. தேர்வு செய்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆறு முதல் பதினாறு வயதுவரையான குழந்தைகளுக்கு விஸ்க் தேர்வின் ஐந்தாம் பதிப்பு பரவலாகப் பயன்படுகிறது. உளவியலாளர் ஒருவர் எதிரே தனியாக உட்கார்ந்து செய்யும் தேர்வு என்பதால், கூட்டத்தில் ஒடுங்கிவிடும் குழந்தை சில சமயம் அதில் வேறு முகம் காட்டுவாள். உங்கள் மகள் அப்படிப்பட்டவளாக இருக்கக்கூடும் என்பதால் இதை அடியோடு மறுக்கமாட்டேன். ஆனால் வெளி அறிக்கையை உங்கள் மாவட்டம் ஏற்கிறதா, ஏற்றால் எந்தத் தேர்வை, எப்படித் தகுதி பெற்றவரிடமிருந்து என்று எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரே தேர்வைக் குறுகிய இடைவெளியில் திரும்பச் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிடும் என்பதால், அடுத்த சில மாதங்களில் பள்ளியே அதைச் செய்ய நினைத்தாலும் முடியாமல் போகும். விரும்பிய எண் வரும்வரை தேர்வு மாற்றித் தேர்வு எழுதவைக்கும் வழியில் மட்டும் இறங்காதீர்கள். மூன்றாவது அறிக்கையில் 97 வந்தாலும், முதல் இரண்டும் பொய் என்று அது நிரூபிக்காது.

மகளின் கேள்விக்கு

"நான் மக்கா?" என்று கேட்ட குழந்தையிடம், "இல்லவே இல்லை, நீ ரொம்பப் புத்திசாலி" என்று அவசரமாகச் சொல்லத் தோன்றும். அதைச் சொன்னால், புத்திசாலியா இல்லையா என்பதுதான் இங்கே பேச்சு என்று அவள் நினைத்தது உறுதியாகிவிடும். "நீ என்ன பாடம் படித்தால் உனக்குச் சலிப்பாக இருக்காது என்று பள்ளியில் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள், அந்தப் புதிர்கள் அதற்குத்தான், சிலது எல்லாருக்குமே கஷ்டமாக இருக்கும்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. நண்பரின் மகன் பெயர் இனி அவள் காதில் விழ வேண்டாம். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் இந்த எண்களை ஒப்பிப்பதையும் நிறுத்திவையுங்கள். ஸ்பீக்கரில் பேசும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம், அடுத்த அறையில் எல்லாம் கேட்கும். எந்த முடிவு வந்தாலும் மாலையில் அவளிடம் ஒரே தொனியில் சொல்வது என்று நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு இது கடினமாக இருக்கும் என்று கருதினால், முடிவை நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

தேர்வு நாளன்று காய்ச்சலோ தலைவலியோ இருந்தால் அனுப்பாதீர்கள். வேறு நாள் கேளுங்கள், பள்ளிகள் அதற்கென்று மாற்று நாள் வைத்திருப்பது வழக்கம். மேல்முறையீட்டுக்கு வழி உண்டா, முடிவு வந்து எத்தனை நாட்களுக்குள் எழுத வேண்டும் என்பதையும் மறுதேர்வுக் கோரிக்கைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். இப்போதைக்கு வரிசை இதுதான்: இந்த வாரம் பிடிஎஃப் பற்றிப் பள்ளியிடம் சொல்வது, மருத்துவரைப் பார்ப்பது, பயிற்சி வகுப்பை நிறுத்துவது, அடுத்த வாரம் முழு அறிக்கையோடு கணக்குப் பாடம் பற்றி ஆசிரியையிடம் பேசுவது. அந்தச் சந்திப்புக்கு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். எண்களைப் பற்றிப் பேச அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும்.